மூணு ஊட்டுக் காடு

மஞ்சக்குட்டை
12.6.1984

அன்புள்ள செல்வி அக்காவுக்கு அத்தாயி எழுதுவது.

சேலத்தில் பஸ் ஏறும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டு மழையில் நனைந்துவிட்டது. ஜோலார்பேட்டை, ரயில்வே குடியிருப்பு என்பது வரை தெரிகிறது. வீட்டு எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. ஏழு என்று போட்டிருக்கிறேன். வேறு யார் கைக்காவது போனால் படித்துவிட்டு உங்களிடம் கொடுக்கட்டும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

நேர்முக வகுப்பு முடிந்து பதினெட்டு நாள் ஆகிறது. எட்டு மாதமாகத் தபாலில் வந்த வரலாற்றுப் பாடங்களைப் படித்துப் புரியாதது அந்தப் பத்து நாளில் புரிந்தது. அது பேராசிரியர்கள் சொல்லிக் கொடுத்ததால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் நீங்கள் ஒன்று சொல்வீர்கள், நான் இல்லை என்பேன், இரண்டு பேரும் புத்தகத்தைப் புரட்டுவோம். அங்கேதான் புரிந்தது.

அதனால் ஒன்று கேட்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய பயிற்சிக் கட்டுரைகளை முதலில் நாம் இருவரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். ஒத்துக்கொள்ள முடியாத இடத்தில் ஓரத்தில் சிவப்பு மையில் எழுத வேண்டும். மனம் நோகுமே என்று விட்டுவிடக் கூடாது.

நான் பெரியசோலை எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில்தான் இன்னும் இருக்கிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள். அவர்கள் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கல்லூரி. எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் உங்கள் அப்பா மனுவேல் ரைட்டரிடம் நாம் ஒன்றாகப் படிப்பதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நம்ம செல்வியோடயா கண்ணு? அவ ஒழுங்கா எழுதறாளா?" என்று கேட்டார். எழுதுவீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தாயி


ஜோலார்பேட்டை
27.6.1984

அன்புள்ள அத்தாயி,

வீட்டு எண் ஒன்று. ஏழாம் எண் வீட்டு அம்மாள் உன் கடிதத்தைப் பிரித்து முழுக்கப் படித்துவிட்டுத்தான் கொண்டுவந்து கொடுத்தார். "இந்தப் பொண்ணு சொல்றது சரிதாம்மா, செய்யி" என்று உத்தரவு வேறு.

செய்கிறேன். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் கல்லூரியைப் பார்த்தவள். திருச்சியில் ஒரு வருடம் விடுதியில் இருந்தேன். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போதே ரோமாபுரி ஏன் விழுந்தது என்று பேசுவோம். நூலகத்தில் விளக்கை அணைத்து எங்களை வெளியே துரத்துவார்கள். அடுத்த வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது, கண்ணை மூடுவதற்குள் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டிக் கொடுத்தார். அவர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார். என் படிப்புதான் போய்விட்டது.

அதனால் தபாலில் வரும் இந்தப் படிப்பை என்னால் படிப்பு என்று நினைக்க முடியவில்லை. ஒரு பட்டம் வேண்டும், பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். நாம் அனுப்பும் தாள்களை அங்கே யாரும் படிப்பதில்லை என்று இங்கே ஒரு டிக்கெட் கலெக்டர் சொல்கிறார். பக்கத்தை எண்ணி மார்க் போடுவார்களாம்.

ஆனாலும் உன் சிவப்பு மை எனக்குப் பிடித்திருக்கிறது. அனுப்பு.

செல்வி


மஞ்சக்குட்டை
9.9.1984

அன்புள்ள அக்கா,

'உங்கள் வட்டாரத்தில் நிலம் கைமாறிய வரலாற்றை எழுதுக' என்ற கேள்விக்கு என் கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். பாடப் புத்தகத்தில் எங்கள் மலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் நான்கு ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். மூன்று தரம் மாரமங்கலம், ஒரு தரம் செம்மநத்தம்.

இங்கே எஸ்டேட்டில் ஒரு பகுதிக்கு மூணு ஊட்டுக் காடு என்று பெயர். எங்கள் தாத்தா ஐயாக்கண்ணுவும் இன்னும் இரண்டு வீட்டாரும் முன்பு பயிர் வைத்த சரிவு அது. அந்த இரண்டில் ஒரு வீட்டுக்காரர் செம்மநத்தத்தில் இருக்கும் சித்தன் என்று கேள்விப்பட்டுப் போனேன். எங்கள் அப்பா வயதுதான் இருக்கும்.

"ஏனுங்க, நீங்க முன்னே மஞ்சக்குட்டையிலதானே இருந்தீங்க?"

"இருந்தோம். காடு போச்சு. இங்க வந்துட்டோம்."

"எப்படிங்க போச்சு?"

"நீ ஆரூட்டுப் புள்ள கண்ணு?"

"மாதையன் மவளுங்க. ஐயாக்கண்ணு பேத்தி."

அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "மழ வருது சாமி. நேரத்தோட ஊடு போய்ச் சேரு" என்றார். வானத்தில் மேகமே இல்லை.

அப்பாவிடம் கேட்டால், "எஸ்டேட்டுக்காரங்க வேலி போட்டுட்டாங்க, அவ்வளவுதான்" என்றார். அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஐந்தாம் பக்கத்தில் தொடங்கும் பகுதி எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது. நாலு தரம் அடித்து எழுதினேன். 'மூன்று குடும்பங்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்த சரிவில் இன்று பிள்ளைக் கொட்டகை நிற்கிறது. விதைத்தவரின் பேத்தி அங்கே பிறர் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிறாள்.' இப்படி எழுதலாமா, இது வரலாறா, இல்லை புலம்பலா? தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

உங்கள் கட்டுரை இன்னும் வரவில்லை.

அத்தாயி


ஜோலார்பேட்டை
3.10.1984

அத்தாயி,

குழந்தை தேவகுமாரிக்கு மஞ்சள் காமாலை. இருபது நாளாக அவளைத் தோளில் போட்டுக்கொண்டே நிற்கிறேன். இவருக்கு இரவு வேலை. முப்பதாம் தேதிதான் கடைசி நாள் என்பதால் என் கட்டுரையை ஏதோ எழுதி அனுப்பிவிட்டேன். உனக்கு அனுப்ப நேரம் இல்லை. மன்னித்துவிடு.

உன்னுடையதைத் திருப்பி அனுப்புகிறேன். அது வரலாறுதான். புலம்பல் இல்லை. ஒரே ஒரு இடத்தில் சிவப்பு மை வைத்திருக்கிறேன். வேலி போட்டார்கள் என்கிறாய். போடும்போது உன் தாத்தா என்ன செய்தார்? சும்மா நின்றாரா? நீ இதற்குள் அனுப்பியிருப்பாய், கேள்வி தாமதமாக வருகிறது.

செல்வி


மஞ்சக்குட்டை
15.12.1984

திருமதி ஆரோக்கியசெல்வி ஜேசுதாஸ் அவர்களுக்கு,

பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஓலை வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். நம் இருவர் கட்டுரையிலும் ஒன்றரைப் பக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதாம். இருவரையும் ஏன் தேர்வு எழுதவிடாமல் தள்ளி வைக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் எழுத வேண்டுமாம். எந்தப் பக்கம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். என் ஐந்தாம் பக்கம்.

நீங்கள் தொட்டில் ஆட்டினீர்களா?

காப்பிப் பழம் பறிக்கும் காலம் இது. பொழுது விடியுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். முப்பத்தொரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ஓலையைப் படித்தேன். திருடிவிட்டாயா என்று ஒருவர் என்னைக் கேட்டது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

நீங்கள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இல்லை, கொடுத்திருக்க மாட்டேன். உட்கார்ந்து உங்களையே எழுத வைத்திருப்பேன்.

அத்தாயி


ஜோலார்பேட்டை
22.12.1984

அத்தாயி,

ஆமாம், எடுத்தேன். குழந்தை மார்பில் சூடாகக் கிடந்தது. மறுநாள் கடைசித் தேதி. மேஜைமேல் உன் கட்டுரை இருந்தது. ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பார்த்து எழுதினேன். எழுதும்போது வெட்கமாகக்கூட இல்லை. அதுதான் உண்மை.

ஏன் இல்லை என்றால், இது படிப்பே இல்லை. எனக்கு அங்கே ஒரு எண், உனக்கு ஒரு எண். முகம் தெரியாத ஒருவர் படிக்காமலே மார்க் போடப்போகிற தாள். அதில் யார் எழுதியது யாருடையது என்று யாருக்குக் கவலை? கல்லூரியில் இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன். அங்கே நமக்கென்று ஒரு மரியாதை இருந்தது.

நீதானே சேர்ந்து படிக்கலாம் என்றாய்? சேர்ந்து படித்ததுதான் இது.

என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள். நான்தான் குற்றவாளி என்று எழுது. உன்னைத் தடுக்க மாட்டேன்.

செல்வி


மஞ்சக்குட்டை
29.12.1984

அக்காவுக்கு,

யாரும் படிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் படிக்கிறேன். நீங்கள் எழுதப்போவதைப் படிப்பதற்காக செப்டம்பர் மாதம் முழுக்கத் தபால்காரர் வரும் நேரத்தில் கொட்டகை வாசலில் நின்றேன். நான் ஒரு ஆள் போதாதா?

பல்கலைக்கழகத்துக்கு எழுதியதை உங்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. இதுதான் நகல்:

'ஐயா, நாங்கள் இருவரும் தபாலில் சேர்ந்து படிக்கிறோம். இது குற்றமானால் அந்தக் குற்றத்தைத் தொடங்கியது நான். கல்லூரி மாணவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பாடத்தைப் பேசினால் அதை யாரும் தப்பென்று சொல்வதில்லை. எங்கள் மரத்தடி தபால் பெட்டி. ஆனால் பேசுவது வேறு, எடுப்பது வேறு. ஐந்தாம் பக்கம் நான் நடந்து கேட்டு எழுதியது. அதை அவர் என்னைக் கேட்காமல் எடுத்தார். அது தவறு. அதற்காக அவரைப் படிப்பிலிருந்தே நீக்குவது அதைவிடப் பெரிய தவறு. எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேளுங்கள். மேலும் ஒன்று கேட்க விரும்புகிறேன். எங்களுக்கு வருடத்துக்குப் பத்து நாள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிகிறது. மற்ற நாளில் நாங்கள் யாரோடு பேசிப் படிக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?'

இவ்வளவுதான். கோபம் இன்னும் போகவில்லை. போனதும் சொல்கிறேன்.

அத்தாயி


ஜோலார்பேட்டை
24.2.1985

அத்தாயி,

சேலத்தில் விசாரணைக்கு உன்னை முதலில் கூப்பிட்டார்கள். நீ வெளியே வந்து என் முன்னால் இரண்டு விநாடி நின்றாய். பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டாய். உள்ளே எனக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் நம் தாள்களைத் திருத்தியவர். உன் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார்.

"மூணு ஊட்டுக் காடு எத்தனை ஏக்கர்மா?"

எனக்குத் தெரியாது.

"சாமை எந்த மாசம் விதைப்பாங்க?"

தெரியாது. பத்தொன்பது வயது வரை அந்த மலையில் வளர்ந்தவள், எனக்குத் தெரியவில்லை.

"அப்ப இது யாரோடது?"

"அவளோடதுங்க சார். நான் கேக்காம எடுத்தேன். அவமேல ஒண்ணும் இல்லைங்க."

அவர் பேனாவை மூடினார். "அஞ்சு வருஷமா தபால்ல வர்ற தாளைத் திருத்தறேன். என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டது இந்தப் பொண்ணு ஒண்ணுதான். எனக்குப் பதில் தெரியல" என்றார்.

யாரும் படிப்பதில்லை என்று நான் சொன்னது தப்பு. படித்ததால்தான் பிடித்தார்.

உன்மேல் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தப் பாடம் மட்டும் ஒரு வருடம் தள்ளி வைப்பு. ஆகஸ்டு முப்பத்தொன்றுக்குள் வேறு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். நான் அனுப்பப்போவதில்லை. போதும். இவரும் "விட்டுத்தள்ளு" என்கிறார். உன்னிடம் வாங்கிய இரண்டு பாடக்கட்டுகளைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

மன்னித்துக்கொள் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை.

செல்வி


மஞ்சக்குட்டை
5.3.1985

அக்காவுக்கு,

பாடக்கட்டுகள் வந்தன. திருப்பி அனுப்பிவிட்டேன். பிரித்துப் பார்த்தால் அவையேதான் இருக்கும்.

விட முடியாது அக்கா. எனக்கு உங்களைவிட்டால் 'தாத்தா சும்மா நின்றாரா' என்று கேட்க ஆள் இல்லை. அந்தக் கேள்வி ஐந்து மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. விசாரணையில் அந்தப் பெரியவர் கேட்காத கேள்வி அது. ஒன்றரைப் பக்கத்தை எடுத்தீர்கள், சரி. ஆனால் என் கட்டுரையில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான்.

அப்பாவிடம் இரண்டு தரம் கேட்டேன். எழுந்து வெளியே போய்விடுகிறார். அதனால் இதையே நீங்கள் உங்கள் கட்டுரையாக எழுதுங்கள். உங்கள் அப்பா முப்பத்தெட்டு வருடம் எஸ்டேட் ஆபீஸில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்று ஏற்காட்டுக்குக் குடிபோயிருக்கிறார். அவரைக் கேளுங்கள்.

இங்கே ஒரு செய்தி. எங்கள் தபால்காரர் ஏசுராஜும் தபாலில்தான் பி.ஏ. படிக்கிறாராம். "நாலு பாடக்கட்டு ஒரே நாள்ல வருதுங்க. நாலு பேரும் நாலு மூலையில தனித்தனியா முழிக்கறோம்" என்றார். மாரமங்கலம் பள்ளிக்கூட ஆயா கலாவதி ஒருவர். இன்னொருவர் எஸ்டேட் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது, அங்கே கூடுகிறோம். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் கலாவதி, ஏசுராஜின் கட்டுரையை "இது பாடத்த அப்படியே எழுதினதுங்க, உங்களுது எங்கே?" என்றார். அவர் கோபித்துக்கொண்டு போய், அடுத்த வாரம் திரும்பி வந்தார்.

உங்கள் இடத்தில் ஒரு பாயை விட்டு வைத்திருக்கிறோம் என்றெல்லாம் எழுத மாட்டேன். வந்தால் பாய் விரிப்போம்.

கோபம் பாதி போயிருக்கிறது.

அத்தாயி


ஏற்காடு
20.5.1985

அன்புள்ள அத்தாயி,

அஞ்சல் முத்திரையைப் பார்த்துத் திகைப்பாய். அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். வந்து ஐந்து நாள் ஆகிறது. மஞ்சக்குட்டைக்கு வராததற்கு, திருவிழாக் கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிகிறது என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். உண்மையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீ சொன்னபடி அப்பாவைக் கேட்டேன். முதலில், "பழைய கதையெல்லாம் எதுக்கு?" என்றார். மூன்றாம் நாள் அவராகவே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம். இருவது வயசு. முதல்ல எழுதின பத்திரம் அதுதான். தொரை சொல்லச் சொல்ல எழுதினேன்."

"என்ன பத்திரம்ப்பா?"

"ஐயாக்கண்ணுக்கு மேஸ்திரி வேலை. அதுக்குப் பதிலா அந்தச் சரிவு பூராவும் எஸ்டேட்டுக்கு."

"அவர் பங்கு மட்டுமா?"

"மூணு ஊட்டுதும். மத்த ரெண்டு ஊட்டுக்கும் சேர்த்து நான் பெரியவன்னு அவரே கைநாட்டு வச்சாரு."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"ரெண்டு தரம் படிச்சுக் காட்டினேன். 'தெரியுங்க ரைட்டரே, எழுதுங்க'ன்னாரு. எழுதினேன்."

வேலி பிறகுதான் வந்தது. சித்தன் வீட்டார் செம்மநத்தம் போனார்கள். இன்னொரு வீட்டார் மலையைவிட்டே இறங்கிவிட்டார்கள். மூணு ஊட்டுக் காடு என்ற பெயரே அந்தப் பத்திரத்தில் அப்பா எழுதியதுதானாம். அதற்கு முன் வேறு பெயர் இருந்தது, நினைவில்லை என்கிறார். பத்திரத்தின் நகல் அவர் பெட்டியில் இருக்கிறது. அவர் கையெழுத்து, உன் தாத்தாவின் பெருவிரல்.

அத்தாயி, இதை நான் எழுத மாட்டேன். உன் பக்கத்தை எடுத்ததே போதும், உன் குடும்பத்தின் மானத்தையும் எடுக்க வேண்டாம். நீ சொன்னால் நகலைக்கூட அப்பாவிடமிருந்து வாங்கிக் கிழித்துவிடுகிறேன். உன் கட்டுரை அப்படியே இருக்கட்டும். வியாழக்கிழமை ஊருக்குத் திரும்புகிறேன்.

செல்வி


மஞ்சக்குட்டை
26.5.1985

அன்புள்ள அக்கா,

கிழிக்காதீர்கள்.

கடிதம் வந்த அன்று நான் கொட்டகையில் ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளைக்கு ஊட்டி முடித்த பிறகுதான் நான் அழுகிறேன் என்பதே தெரிந்தது. எங்களுக்குச் செய்த அநியாயத்தை எழுதியவள் என்று எட்டு மாதமாக நிமிர்ந்து நடந்தேன். அநியாயம் நடந்தது உண்மை. எங்களுக்கு நடந்தது மட்டும் இல்லை, நாங்கள் செய்ததும் அது.

அப்பா மிளகுக்கொடி வைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, தாத்தாதான் கைநாட்டு வெச்சாருங்களா?"

"ஆரு சொன்னா?"

"எழுதினவரே சொல்றாருங்க."

அவர் குழிக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்குப் பத்து வயசு. சித்தனும் நானும்தான் ஒண்ணா மாடு மேய்ப்போம். வேலி போட்ட மக்காநாள் அவன் வரல. ஊட்டுக்குப் போய்ப் பாத்தா அடுப்பு அணைஞ்சு கெடந்துது" என்றார். மண்ணைக் காலால் தள்ளிவிட்டு, "இத்தன வருசத்துல செம்மநத்தம் ரோட்டுல நான் கால் வெச்சதில்ல கண்ணு" என்றார்.

"எழுதலாங்களாப்பா?"

"எழுதாம உட்டா இல்லைன்னு ஆயிருமா?" என்றார். பிறகு குழி வெட்டப் போய்விட்டார்.

எழுதுங்கள் அக்கா. தாத்தா பெயரை மறைக்காதீர்கள். மறைத்தால் சிவப்பு மையில் நானே எழுதிச் சேர்ப்பேன். என் கட்டுரையில் பிழை இருக்கிறது என்று அந்தப் பெரியவருக்கும் எழுதிவிட்டேன். கொடுத்த மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும்.

அத்தாயி


ஜோலார்பேட்டை
28.7.1985

அன்புள்ள அத்தாயி,

பதினோரு பக்கம். இத்துடன் இருக்கிறது. எது பத்திரத்தில் உள்ளது, எது அப்பா சொன்னது, எது நீ கேட்டு வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர் போட்டிருக்கிறேன். என் பெயர் மிகக் கொஞ்ச இடத்தில்தான் வருகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அப்பாவிடம் தபாலில் ஆறு தரம் கேள்வி கேட்டேன். ஆறாம் தரம், "நீ என்ன, கோர்ட்டு வக்கீலா?" என்று எழுதினார். ஆனால் பதிலும் எழுதினார். இவர் ஒரு நாள் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து, எட்டாம் பக்கம் வரை நின்றுகொண்டே படித்தார். "அப்புறம்?" என்றார். அதற்குப் பிறகு விட்டுத்தள்ளு என்று அவர் சொல்வதில்லை.

இந்தத் தடவை எனக்குப் பயமாக இருக்கிறது. நீ படிக்கப்போகிறாய் என்ற பயம்.

செல்வி


மஞ்சக்குட்டை
12.8.1985

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரையை நான் தனியாகப் படிக்கவில்லை. படிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். இது எங்கள் நால்வரின் பாடம் மட்டும் இல்லை. போன வாரம் செம்மநத்தம் போய், சித்தனிடம் எல்லாவற்றையும் சொல்லி, "வந்து கேக்கோணுங்க. தப்பிருந்தா சொல்லோணும்" என்று கூப்பிட்டேன். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். கொட்டகை வாசற்படியில் உட்கார்ந்தார், உள்ளே வரவில்லை. ஏசுராஜ் பாய் விரித்தும் வரவில்லை. அப்பா எனக்கு முன்பே வந்து தொட்டில்களுக்குப் பின்னால், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கலாவதிதான் படித்தார். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். 'ஐயாக்கண்ணு என்பவர் தம்முடைய பங்கோடு மற்ற இரு வீட்டாரின் பங்கையும் அவர்களைக் கேளாமல் எழுதிக் கொடுத்தார்' என்ற வரி வந்தபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

கலாவதி படித்து முடித்தார். வெளியே மழை தொடங்கிவிட்டது. சித்தன் படியைவிட்டு எழுந்து உள்ளே வந்தார்.

"அந்த எடத்த இன்னொருக்கா படிங்க. எத்தன ஊடுன்னு போட்டிருக்குது?"

"மூணுங்க" என்றார் கலாவதி.

"தப்புங்க. நாலு. எங்க அத்தெ குப்பாயி ஊடு மேல்பக்கம் ஓடையோரமா இருந்துச்சு. புருசன் இல்லாத பொம்பள. அதனால ஒருத்தரும் அந்த ஊட்ட ஒரு ஊடுன்னு எண்ணல. காயிதத்துலயும் எழுதல. வேலி போட்ட அன்னிக்கு அத்தெ எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

நான் அப்பாவைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் எழுந்தார். தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாலுதான்" என்றார். "சித்தன் சொல்றது மெய்யி. நானும் அந்த ஊட்டுல களி தின்னிருக்கிறேன்." பிறகு சித்தனைப் பார்த்து, "அது மேல்பக்கமில்ல சித்தா, ஓடைக்கு இந்தாண்ட. நீ மறந்துட்ட" என்றார்.

"மேல்பக்கந்தான். எனக்குத் தெரியாதா எங்க அத்தெ ஊடு?"

இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை போட்டார்கள் அக்கா. ஓடை எந்தப் பக்கம், கடுக்காய் மரம் எந்தப் பக்கம் என்று. இத்தனை வருடம் பேசாதவர்கள். ஏசுராஜ் நோட்டை எடுத்து இருவர் சொல்வதையும் வரிசையாக எழுதத் தொடங்கினார். கடைசியில், போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவானது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கொட்டகையிலிருந்து மூணு ஊட்டுக் காட்டின் ஓடைவரை நடக்கிறோம். காப்பிச் செடிக்குள் பழைய வீட்டுத் தரை எங்காவது தெரியும் என்கிறார் சித்தன். இடத்தின் பழைய பெயரும் அவருக்குத் தெரியுமாம், அங்கே போய்த்தான் சொல்வேன் என்கிறார்.

உங்கள் கட்டுரையைப் பல்கலைக்கழகத்துக்கு இப்போது அனுப்பாதீர்கள். கடைசித் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. சனிக்கிழமை ரயிலில் சேலம் வந்து மத்தியான பஸ்ஸில் ஏறுங்கள். உங்கள் அப்பாவையும் கூட்டி வாருங்கள். அவர் எழுதிய பத்திரத்தில் ஒரு வீடு விட்டுப்போயிருக்கிறது என்பதை அவரும் நின்று கேட்கட்டும். கேட்டால் வருவார், எனக்குத் தெரியும். குழந்தையைக் கொண்டுவந்தால் கொட்டகையில் தொட்டில் இருக்கிறது.

நான்கு என்று நானே திருத்தியிருக்கலாம். சிவப்பு மைப் பேனா கையில்தான் இருந்தது. ஆனால் அது உங்கள் பக்கம். நீங்கள் வந்து, நடந்து பார்த்து, உங்கள் கையால் எழுதுங்கள்.

அத்தாயி